நிறத்தைக் கடைசியா பாருங்க: பேன்டம் கோழி அடையாளம் காண அக்கா டிப்ஸ்

"அக்கா, இது என்ன கோழி?" என்று போட்டோ அனுப்புற எல்லாருக்கும் சேர்த்து ஒரே பதிலா இதை எழுதுறேன். செம்பவாங் பூங்காவுக்கு நடக்கப் போன தங்கச்சி அனுப்புறா. பாசிர் ரிஸ்ஸில் சைக்கிள் ஓட்டப் போன தம்பி அனுப்புறான். லீவுக்கு ஊருக்குப் போனவங்க பொள்ளாச்சிச் சந்தையிலிருந்து அனுப்புறாங்க. போட்டோவோடு வர்ற வர்ணனை மட்டும் எல்லாரிடமும் ஒண்ணுதான்: "சிவப்பா இருக்கு, குட்டியா இருக்கு, பேன்டம்தானே?"

பேன்டம் என்கிறது குட்டி உடம்புள்ள அழகுக்கோழி இனங்களோட பொதுப் பேர். ஆனா சிவப்பும் குட்டியும் வெச்சு எந்தக் கோழியோட இனத்தையும் சொல்ல முடியாதுங்க. ஒரே இனத்தில் வெள்ளை, கறுப்பு, சாம்பல், புள்ளி, கோடு என்று வகைவகையா நிறம் வரும். செராமா என்கிற பேன்டம் இனத்தை வளர்க்கிறவங்க நிறத்தை ஒரு பொருட்டாவே எடுத்துக்கிறது இல்லை. அளவும் அப்படித்தான். மூணு மாசத்து நாட்டுக்கோழிக் குஞ்சும், முழுசா வளர்ந்த பேன்டம் பெட்டையும் பக்கத்தில் நின்னா ஒரே உயரம்தான் இருக்கும். அதனால கால், வால், நிற்கிற தோரணை, கொண்டை, காது, இறகு, இந்த வரிசையில் பாருங்க. நிறம் கடைசி. பாதிக் கோழி காலிலேயே தன் பேரைச் சொல்லிடும்.

அதுக்கு முன்னாடி ஒரு கேள்வியைத் தீர்த்துக்கணும்.

அது பேன்டமா, காட்டுக்கோழியா?

நம்ம செம்பவாங் பக்கம் புல்வெளியில் தானா மேயுற கோழி பெரும்பாலும் பேன்டமே கிடையாது. ஒண்ணு காட்டுக்கோழி, இல்லைன்னா கம்போங் கோழி, அதுவும் இல்லைன்னா ரெண்டும் கலந்தது. சிவப்புக் காட்டுக்கோழி சிங்கப்பூருக்குச் சொந்தமான பறவை. இடையில் இங்கே காணாமப் போய், 1985-இல் புலாவ் ஊபினில் மறுபடி தென்பட்டுச்சு. ஜொகூரிலிருந்து நீரிணையைத் தாண்டி வந்திருக்கணும் என்று சொல்றாங்க. உலகத்தில் இருக்கிற வீட்டுக்கோழிகளுக்கெல்லாம் மூதாதை இந்தப் பறவைதான். சேவலே ஒரு கிலோவைச் சுத்தித்தான் இருக்கும், பெட்டை அதுக்கும் குறைவு. கோழிக்கறிக் கடையில் ரெண்டு கிலோ பிராய்லரைப் பார்த்துப் பழகின கண்ணுக்கு அது பேன்டமா தெரியுறதில் ஆச்சரியம் இல்லை.

காட்டுச் சேவலுக்கு நாலு அடையாளம் மனசில் வெச்சுக்குங்க. கால் சாம்பல் நிறம், மஞ்சள் இல்லை. வால் ஆரம்பிக்கிற இடத்தில், முதுகு முடியுற எடத்தில், வெள்ளையா ஒரு திட்டு. பறந்தா பளிச்சுன்னு தெரியும். காது மடலில் வெள்ளை. வாலைத் தூக்கிக் காட்டாம கொஞ்சம் தாழ்த்தியே வெச்சிருக்கும். பெட்டைக்குக் கொண்டை இருக்கிறதே தெரியாது, உடம்பெல்லாம் காய்ஞ்ச இலை நிறம். கம்போங் பெட்டைக்குச் சின்னதாவது ஒரு சிவப்புக் கொண்டை தலையில் நிற்கும்.

குரலும் உதவும். வீட்டுச் சேவல் கடைசி எழுத்தை இழுத்து இழுத்துக் கூவும். காட்டுச் சேவல் அதே ராகத்தை ஆரம்பிச்சு, கடைசியில் வெடுக்குன்னு நிறுத்திடும். விடிகாலையில் ஜன்னலைத் திறந்து வெச்சுக் கேளுங்க, ரெண்டையும் ஒரு தடவை அடுத்தடுத்துக் கேட்டுட்டா அப்புறம் மறக்காது. இன்னொண்ணு, துரத்தினா என்ன செய்யுதுன்னு பார்க்கலாம் (துரத்தச் சொல்லலை, நாய் துரத்துறப்ப கவனிக்கச் சொல்றேன்). கம்போங் கோழி கத்திக்கிட்டே ஓடும். காட்டுக்கோழி சட்டுனு எழும்பி மரத்துக்குப் போயிடும்.

வருஷத்தில் சில மாசம் காட்டுச் சேவல் கழுத்தில் தொங்குற பொன்னிற இறகை உதிர்த்துட்டு, மங்கலான கறுப்பு இறகோடு திரியும். இனப்பெருக்கக் காலம் முடிஞ்சதும் வர்ற மாற்றம் இது. அந்த நேரத்தில் பார்த்தா "சீக்குக் கோழி" என்று நினைப்பீங்க. உண்மையில் அதுதான் நல்ல காட்டு ரத்தத்துக்கு அடையாளம். வீட்டுக்கோழியிடம் இந்த மாற்றம் வராது.

முருகன் கொடியில் இருக்கிற சேவலைப் பல படங்களில் காட்டுச் சேவல் மாதிரிதான் போட்டிருப்பாங்க: தீ நிறக் கழுத்து, கறுத்த நெஞ்சு, அரிவாளா வளைஞ்ச வால். ஈசூன் தொழிற்பேட்டையில் இருக்கிற ஹோலி ட்ரீ ஸ்ரீ பாலசுப்பிரமணியர் கோயிலுக்குப் பங்குனி உத்திரக் காவடி பார்க்கப் போறப்ப பிள்ளைகளுக்குக் காட்டுங்க. அந்தக் கோயில் முதல்ல நம்ம செம்பவாங் பக்கம், கடற்படைத் தளத் தொழிலாளர்கள் கும்பிட்ட மரத்தடியில் இருந்ததுதான்.

தமிழ்நாட்டிலிருந்து புதுசா வந்தவங்களுக்கு ஒரு குழப்பம் வரும். நீங்க நீலகிரியிலோ கொடைக்கானலிலோ பார்த்த காட்டுக்கோழி வேற இனம். அது சாம்பல் நிறம், கழுத்து இறகில் மெழுகு சொட்டின மாதிரி மஞ்சள் புள்ளி இருக்கும். இலங்கையிலிருந்து வந்தவங்க பார்த்தது இன்னொண்ணு. அந்த நாட்டுத் தேசியப் பறவை அது, சிவப்புக் கொண்டைக்கு நடுவில் மஞ்சள் திட்டு இருக்கும். அந்த ரெண்டும் செம்பவாங்கில் திரியாது.

கலப்பு எவ்வளவு ஆகிப்போச்சு என்கிறதுக்கு ஒரு தகவல். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏறக்குறைய நூறு வருஷத்துக்கு முந்தின அருங்காட்சியக மாதிரிகளோட மரபணுவை இன்னைக்குத் திரியுற காட்டுக்கோழிகளோட ஒப்பிட்டு 2023-இல் வெளியிட்டாங்க. வீட்டுக்கோழி ரத்தம் காட்டுக்கோழிக்குள்ள நிறையவே ஏறிப்போச்சுன்னு அதில் தெரிஞ்சுது. அதனால சாம்பல் கால் இருந்து வெள்ளைத் திட்டு இல்லாத கோழி, வெள்ளைத் திட்டு இருந்து மஞ்சள் கால் உள்ள கோழி எல்லாம் நீங்க பார்ப்பீங்க. அதுக்கு ஒரு இனப்பேர் தேடி மண்டையை உடைச்சுக்காதீங்க. "கலப்பு" என்று எழுதிட்டு அடுத்த வேலையைப் பாருங்க.

2017 ஆரம்பத்தில் சின் மிங் அவென்யூவில் நடந்தது ஞாபகம் இருக்கும். கோழிச் சத்தம் பற்றி சுமார் இருபது புகார் வந்துச்சு, 24 கோழிகளைப் பிடிச்சுக் கருணைக்கொலை செஞ்சாங்க. அப்புறம் ஊரே ரெண்டா பிரிஞ்சு, அது காட்டுக்கோழியா வீட்டுக்கோழியா என்று பேசிச்சு. சத்தம் மட்டும் காரணம் இல்லை, பறவைக் காய்ச்சல் அபாயமும் இருக்குன்னு நாடாளுமன்றத்தில் விளக்கம் சொன்னாங்க. ஒரு கோழியோட காலையும் முதுகையும் சரியா பார்க்கத் தெரியுறது வெறும் பொழுதுபோக்கு இல்லை என்று அன்னைக்குத்தான் நிறைய பேருக்குப் புரிஞ்சுது.

காலிலிருந்து ஆரம்பிங்க

சரி, உங்க முன்னாடி நிற்கிறது கூண்டுக்குள்ளயோ, யாரோட தரைவீட்டுத் தோட்டத்திலயோ இருக்கிற அழகுக்கோழி. குனிஞ்சு காலைப் பாருங்க. மூணு கேள்வி: இறகு இருக்கா? எத்தனை விரல்? எவ்வளவு நீளம்?

காலில் இறகு இருந்து, விரல் வரைக்கும் மூடி, கோழியே ஒரு பஞ்சுப்பந்து மாதிரி உருண்டையா நின்னா அது கொச்சின் பேன்டம். இங்கிலாந்துக்காரங்க பெக்கின் என்பாங்க, 1860 வாக்கில் சீனாவிலிருந்து கொண்டுபோனதா சொல்வாங்க. தமிழ்நாட்டு அழகுக்கோழிக்காரங்களிடம் கொச்சின் பேன்டம் என்று கேட்டாத்தான் கிடைக்கும். வாலைப் பாருங்க, விறைப்பான இறகே தெரியாது, பின்பக்கம் முழுக்க மெத்துமெத்துன்னு ஒரு வளைவு. அதே மாதிரி கால் இறகோடு, ஆனா தலையில் ஒத்தைக் கொண்டைக்குப் பதிலா மூணு வரிசைச் சின்ன முண்டுகளா தாழ்ந்த கொண்டை இருந்தா அது பிரம்மா பேன்டம். கால் இறகோடு தாடையில் புசுபுசுன்னு தாடியும் இருந்தா பெல்ஜியத்து டியூக்கிள். அந்த இனத்தில் ஒவ்வொரு இறகு நுனியிலும் வெள்ளைப் புள்ளி வெச்ச ஒரு நிறம் பிரபலம், அதைப் பார்த்தவங்க மறக்க மாட்டாங்க.

விரலை எண்ணுறதுதான் எனக்குப் பிடிச்ச வேலை. கோழிக்குப் பொதுவா நாலு விரல். முன்னாடி மூணு, பின்னாடி ஒண்ணு. அஞ்சு இருந்தா உடனே நிமிர்ந்து உட்காருங்க. வெல்வெட் மாதிரி, ரோமமா இறகா என்று சந்தேகம் வர்ற மேனியோடு அஞ்சு விரலும் சேர்ந்தா அது சில்கி. இதைப் பார்க்க நீங்க பண்ணை தேடிப் போக வேண்டாம். தேக்கா சந்தைக்குப் போங்க, சூப்புக்கு விற்கிற கருங்கோழியைக் காலோடு வெச்சிருப்பாங்க. காலைத் திருப்பிப் பாருங்க: பின்விரலுக்கு மேலே இன்னொரு விரல், கொஞ்சம் மேல்நோக்கி வளைஞ்சு, தரையைத் தொடாமலே நிற்கும். தோல் கறுநீலம், நகம் வரைக்கும் கறுப்பு. சீனக் குடும்பங்கள் பிரசவித்த பெண்ணுக்குச் சூப்பு வெச்சுக் கொடுக்கிற கோழி இது. நம்ம பிள்ளைகளுக்குக் கறிக்கடையில் பார்த்த கறுப்புக்கோழியும், யூடியூபில் பார்க்கிற வெள்ளைப் பொம்மைக் கோழியும் ஒண்ணுன்னு சொன்னா நம்பவே மாட்டாங்க. வெள்ளை மேனிக்குள்ள கறுப்புத் தோல், அதுதான் விஷயம்.

சில்கியோட இறகு ஏன் அப்படி இருக்குன்னு கேட்கிறவங்களுக்கு: சாதாரண இறகில் நுண்ணிழைகள் ஒண்ணோடொண்ணு கொக்கி போட்டுப் பிடிச்சிருக்கும். அதனாலதான் கையால தடவினா திரும்பச் சேர்ந்துக்குது. சில்கிக்கு அந்தக் கொக்கிகள் வேலை செய்யாது. அதனால மழையில் நனைஞ்சா தண்ணி வழியாது, உடம்போடு ஒட்டிக்கும், பறக்கவும் வராது. நம்ம ஊர் மழைக்கு அதைத் திறந்த வெளியில் விடுறது பாவம். காது மடல் நீலப்பச்சை, கொண்டை ஒரு அக்ரூட் பருப்பைத் தலையில் ஒட்டின மாதிரி. அடைகாக்கிறதில் கெட்டிக்காரி, வாத்து முட்டை வெச்சாலும் உட்கார்ந்துக்கும். பேன்டம்தானா என்று கேட்டா, அமெரிக்காக்காரங்க ஆமாங்கிறாங்க, பிரிட்டிஷ்காரங்க பெரிய கோழி, பேன்டம் என ரெண்டு அளவிலும் வெச்சிருக்காங்க. இந்தச் சண்டையில் நாம தலையிட வேண்டாம்.

கறுப்பா இருக்கிறதெல்லாம் சில்கி இல்லை என்கிறதையும் இங்கேயே சொல்லிடுறேன். ஊரில் இப்போ கடக்நாத் மோகம். மத்தியப் பிரதேசத்து ஜாபுவா கோழி, 2018-இல் புவிசார் குறியீடு வாங்கினது. தோலும் கறியும் கறுப்புத்தான், ஆனா விரல் நாலு, காலில் இறகு இல்லை, மேனி சாதாரண இறகு, அளவும் பேன்டம் அளவு இல்லை. "கடக்நாத் பேன்டம்" என்று யாராவது ஆன்லைனில் விற்றா, அது குஞ்சு. அவ்வளவுதான்.

காலோட நீளம் மூணாவது. வயிறு தரையைத் தொடுற மாதிரி, கால் இருக்கா இல்லையா என்று தேடுற மாதிரி ஒரு கோழி நடந்தா, வாலும் தலையை விட உயரமா நிமிர்ந்து நின்னா, அது ஜப்பானிய பேன்டம். சாபோ என்பாங்க. ஜப்பான்காரங்க தோட்டத்து அழகுக்குன்னே பல நூறு வருஷமா வளர்த்தது. அந்தக் குட்டைக்கால் ஒரு மரபணுவோட வேலை. குட்டைக்கால் சேவலையும் குட்டைக்கால் பெட்டையையும் ஜோடி சேர்த்தா, கருவில் கால் பங்கு முட்டைக்குள்ளேயே செத்துடும், பாதி குட்டைக்காலா பொரிக்கும், மிச்சக் கால் பங்கு சாதாரண நீளக் காலோடு வரும். அதனால தூய சாபோ ஜோடிக்கே நீளக்கால் பிள்ளை பிறக்கலாம். "கால் நீளம், அப்போ கலப்பு" என்று அவசரப்பட்டுச் சொல்லாதீங்க, வாலையும் பெரிய ஒத்தைக் கொண்டையையும் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க.

செராமா: பக்கத்து வீட்டு ராஜா

பேன்டம்களில் நமக்கு உறவுக்காரன் என்று சொல்லிக்கக்கூடியது செராமாதான். ஜொகூர் பாலம் தாண்டினா மலேசியா, அங்கே கிளந்தானில் உருவான இனம். வீ இயன் ஈன் என்கிறவர்தான் இதை உருவாக்கிப் பேர் கொடுத்ததா சொல்றாங்க. ஜப்பானிய பேன்டத்தையும் உள்ளூர்க் குட்டைக்கோழிகளையும் கலந்து வந்தது. செராமாவுக்குன்னே தனியா நடந்த முதல் போட்டி 1990-இல் பெர்லிஸில். 2004-இல் கிளந்தானில் பறவைக் காய்ச்சல் வந்தப்ப எத்தனையோ நல்ல செராமாக்களையும் சேர்த்து அழிச்சாங்க.

உலகத்தில் மிகச் சின்ன கோழி இனம் இது. போட்டியில் மிகச் சின்ன வகுப்பில் சேவல் 350 கிராமுக்கு மேல போகக் கூடாது. ஒரு டின் மைலோவைக் கையில் தூக்கிப் பாருங்க, ஒரு முழு வளர்ந்த சேவலோட எடை கிட்டத்தட்ட அதுதான். பெரிய செராமா என்றாலும் அரைக் கிலோவைச் சுத்தித்தான் நிற்கும்.

ஆனா எடையை வெச்சுச் செராமாவை அடையாளம் காணாதீங்க, தோரணையை வெச்சுப் பாருங்க. நெஞ்சு முன்னாடி மேல்நோக்கித் துருத்திக்கிட்டு இருக்கும், தலை பின்னாடி இழுத்த மாதிரி, நெஞ்சுக்குப் பின்னால் போயிருக்கும். இறக்கையை மடிச்சு முதுகில் வைக்காது. நேரா கீழ்நோக்கி, சிப்பாய் ரெண்டு கையையும் தொடையோடு ஒட்டி நிற்கிற நிலை. வால் செங்குத்தா. பக்கவாட்டில் இருந்து பார்த்தா முதுகு என்கிற ஒண்ணே காணோம், கழுத்து முடியுற எடத்தில் வால் ஆரம்பிச்சுடும். போட்டியில் அதை மேசை மேல விட்டு, தானா எப்படி நடக்குது, எப்படி நெஞ்சைக் காட்டுதுன்னு பார்த்துத்தான் மதிப்பெண் போடுறாங்க. கூச்ச சுபாவம் உள்ள செராமா எவ்வளவு அழகா இருந்தாலும் தோத்துடும்.

சாபோவுக்கும் செராமாவுக்கும் வித்தியாசம் சொல்லத் தெரியாம நிறைய பேர் முழிப்பாங்க. ரெண்டும் வாலைத் தூக்கும், ரெண்டும் குட்டி. சாபோ தாழ்ந்து தவழும், செராமா நிமிர்ந்து நடக்கும். சாபோ இறக்கை நுனி தரையை உரசுறது கால் குட்டை என்பதால. செராமாவுக்குக் கால் போதுமான நீளம் இருந்தும் இறக்கையைத் தானா செங்குத்தா இறக்கி வெச்சிருக்கும். வீடியோ எடுத்து ஒரு தடவை ஓட்டிப் பார்த்தா போதும்.

செராமா குஞ்சு வாங்கி ஏமாந்தவங்களையும் கேள்விப்பட்டிருப்பீங்க. எல்லா நேரமும் விற்றவர் மேல தப்பு இருக்காது. சின்னத் தாய் தகப்பனுக்குப் பெரிய பிள்ளை பிறக்கிறது செராமாவில் சகஜம். ஒரே அடையில் வந்த குஞ்சுகளே வேறவேற அளவில் வளரும். அதனால குஞ்சைக் காட்டி இது இவ்வளவுதான் வளரும் என்று யாரும் உத்தரவாதம் கொடுக்க முடியாது, கொடுத்தா நம்பாதீங்க.

கொண்டை, காது, கொஞ்சம் இறகு

தலைப் பகுதியை வேகமா முடிச்சுடலாம். நேரா ரம்பம் மாதிரி நிற்கிறது ஒத்தைக் கொண்டை. அகலமா, தட்டையா, முண்டுமுண்டா இருந்து பின்னாடி ஒரு முள்ளா நீள்றது ரோஜாக் கொண்டை. ரோஜாக் கொண்டையோடு, காது மடல் பெரிய வெள்ளை வட்டமா இருந்தா ரோஸ்கோம் பேன்டம். அதில் கறுப்பு நிறம் பச்சை மினுமினுப்போடு வரும்போது ரொம்ப அழகு. தலையில் பெரிய பூக்கொத்து மாதிரி இறகு எழும்பிக் கண்ணையே மறைச்சா அது போலிஷ். தமிழ்நாட்டு வியாபாரிங்க "போலிஷ் கேப்" என்பாங்க. கொண்டை அதுக்கு ரெண்டு சின்னக் கொம்பு மாதிரி பிரிஞ்சு இருக்கும். மண்டையோட்டிலேயே ஒரு புடைப்பு இருக்கிறதால அந்த இறகு அப்படி நிற்குது. இதை நம்ம கிராமத்துக் கொண்டைக்கோழியோடு போட்டுக் குழப்பாதீங்க. நாட்டுக்கோழியிலும் தலையில் இறகுக் குடுமி உள்ளது உண்டு, ஆனா கண்ணை மறைக்கிற அளவு இருக்காது.

செப்ரைட்டில் மட்டும் கொஞ்சம் நிதானமா நில்லுங்க. 19-ஆம் நூற்றாண்டு ஆரம்பத்தில் இங்கிலாந்தில் சர் ஜான் செப்ரைட் உருவாக்கினது. ஒவ்வொரு இறகைச் சுத்தியும் பேனாவால கோடு இழுத்த மாதிரி கறுப்பு விளிம்பு, உள்ளே வெள்ளியோ பொன்னோ. அதைவிட முக்கியம், இந்த இனத்தில் சேவலுக்குச் சேவல் இறகே வராது. கழுத்தில் கூர்மையான தொங்கல் இறகு இல்லை, வாலில் அரிவாள் இறகு இல்லை, உடம்பு அச்சு அசல் பெட்டை. "ரெண்டும் பெட்டைதான் கொடுத்தாங்க" என்று ஒருத்தர் புலம்பிக்கிட்டு இருக்கிறப்பவே விடிகாலையில் ஒண்ணு கூவிடும். செப்ரைட்டில் கொண்டையோட அளவையும் கூவலையும் வெச்சுத்தான் பிரிக்கணும்.

மத்த இனங்களில் சேவல் பெட்டை பிரிக்கிறது சுலபம். மூணு நாலு மாசம் ஆனதும் முதுகோட பின்பகுதியில், வாலுக்கு முன்னாடி தொங்குற இறகைப் பாருங்க. நுனி கூரா ஒல்லியா இருந்தா சேவல், உருண்டையா இருந்தா பெட்டை. சில்கிக்கு இதுவும் உதவாது, கொண்டை பெருசாகிற வரைக்கும் பொறுமையா இருக்கணும்.

இறகு வெளிப்பக்கமா சுருண்டு, புயலில் மாட்டின மாதிரி இருக்கிற கோழியைப் பார்த்தா அது தனி இனம் என்று நினைக்காதீங்க. அந்தச் சுருள் எந்த இனத்திலும் வரக்கூடிய ஒரு குணம். சுருள் இறகுக் கோழி ரெண்டை ஜோடி சேர்த்தா சில குஞ்சுக்கு இறகே நிற்காம அரைகுறை மொட்டையா போயிடும், அதனால நல்ல வளர்ப்பாளர் ஒரு பக்கம் நேர் இறகுக் கோழிதான் வைப்பார். கழுத்தில் இறகே இல்லாத கழுத்தறுத்தான் கோழியும் அப்படித்தான், அது ஒரு குணம், குட்டியா இருக்குன்னு உடனே பேன்டம் ஆயிடாது. நம்ம ஊர்ச் சிறுவிடைக் கோழியும் சின்ன உடம்புதான். அதுக்கு யாரும் வெளிநாட்டுப் பேர் வைக்க வேண்டாம், அது தமிழ்நாட்டு நாட்டுக்கோழி, அதன் பேரிலேயே கூப்பிடுங்க. பெருவிடையோட குஞ்சு வேற, சிறுவிடை வேற என்கிறதையும் காலை வெச்சே சொல்லலாம். பெருவிடைக் குஞ்சுக்குச் சின்ன வயசிலேயே கால் எலும்பு தடிமனா, முட்டி பெருசா இருக்கும்.

முட்டையும் ஒரு சாட்சி. கடையில் வாங்குற முட்டை 55, 60 கிராம் இருக்கும், பேன்டம் முட்டை அதில் பாதிதான், செராமாவுடையது அதுக்கும் கீழே. செம்பவாங் வெந்நீர் ஊற்றுப் பூங்காவில் முட்டை அவிக்கிறதுக்கு வரிசையில் நிற்கிற குடும்பங்களைப் பார்க்கிறப்பல்லாம், பேன்டம் முட்டையா இருந்தா எவ்வளவு சீக்கிரம் வெந்துடும் என்று நினைச்சுக்குவேன். அங்கே ஊற்றுக்கண்ணில் தண்ணி 70 டிகிரி, பேன்டம் முட்டைக்கு அது தாராளம்.

ஆசை வந்துடுச்சா? ஒரு நிமிஷம்

படிச்சுட்டு "அக்கா, ஒரு ஜோடி செராமா வாங்கிடலாமா" என்று கேட்பீங்கன்னு தெரியும். வீவக வீட்டில் கோழி வளர்க்க அனுமதி கிடையாது. பால்கனியில் கூண்டு, எவ்வளவு சின்னக் கோழி, எதுவும் காரணமாகாது. தரைவீட்டுக்காரங்க செல்லமா பத்துப் பறவை வரைக்கும் வெச்சுக்கலாம், அதுவும் வெளிப்பறவை உள்ளே வராத வலைக்கூண்டுக்குள்ள. ஜொகூரிலிருந்து ஒரு பெட்டியில் போட்டுக் காரில் கொண்டுவர்றது இருக்கே, அதைக் கனவிலும் நினைக்காதீங்க. இறக்குமதி அனுமதி இல்லாத பறவை சோதனைச்சாவடியில் மாட்டினா உங்களுக்கும் கஷ்டம், அந்தப் பறவைக்கு அதைவிடக் கஷ்டம்.

காட்டுக்கோழிக்குத் தீனி போடாதீங்க. 2020 ஜூனிலிருந்து வனவிலங்குச் சட்டப்படி முதல் தடவைக்கே 5,000 வெள்ளி வரைக்கும் அபராதம். தீனி போட்டா கூட்டம் பெருகும், புளோக்குக் கீழே வந்து கூவும், யாராவது புகார் கொடுப்பாங்க, அப்புறம் சின் மிங் கதைதான். பழைய சோத்தைப் புல்லில் கொட்டுற பாட்டிம்மாக்கள் உங்க புளோக்கிலும் இருப்பாங்க, அவங்ககிட்ட சண்டை போடாம பக்குவமா சொல்லுங்க. செத்துக் கிடக்கிற பறவையைக் கையால தொடாதீங்க, பிள்ளைகளையும் தொட விடாதீங்க, தேசியப் பூங்காக் கழகத்துக்குச் சொல்லிடுங்க.

கடைசியா, எனக்குப் போட்டோ அனுப்புறவங்களுக்கு. முகத்தை மட்டும் க்ளோசப்பில் எடுத்து அனுப்பாதீங்க, அதில் எதுவும் தெரியாது. பறவை பக்கவாட்டில் நிற்கிறப்ப, தரையோடு போனைத் தாழ்த்தி, கால் முழுசா தெரியுற மாதிரி ஒண்ணு. பின்னாடியிருந்து முதுகும் வாலடியும் தெரியுற மாதிரி ஒண்ணு. வெள்ளைத் திட்டு இருக்கா இல்லையா என்று அதில்தான் பார்ப்பேன். முடிஞ்சா பத்து நொடி வீடியோ, அது நடக்கிறதும் கூவுறதும் கேட்கிற மாதிரி. புல் உயரமா இருந்து கால் மறைஞ்சா, நடைபாதைக்கு வர்ற வரைக்கும் காத்திருங்க. ஃபில்டர் போடாதீங்க. ஃபில்டர் போட்ட மஞ்சள் காலைப் பார்த்துட்டு நான் கம்போங் கோழின்னு சொல்லி, அது உண்மையில் காட்டுக்கோழியா இருந்தா, பழி என் மேலதான் விழும்.